விழுந்த கமரா: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிப்பது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் கலியாண வீடு, சாமத்தியவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா என்று படம் எடுத்துத் திரிகிறவர்களின் கமராக்கள் என் மேசைக்கு வந்தால், பெரும்பாலும் அவை விழுந்தவைதான். பிளாஸ்டிக் கதிரையில் கமராவை வைத்திருப்பார்கள், யாரோ கதிரையை இழுப்பார்கள். மைதானத்துக் காற்றுக்கு ட்ரைபொட் சரியும். மோட்டார் சைக்கிளில் முன்னுக்கு வைத்த பை கிறவல் றோட்டுக் குழியில் நழுவும். விழுகிற விதங்கள் கொஞ்சம்தான் என்பதால் வருகிற பிழைகளும் திரும்பத் திரும்ப அதே பிழைகள்தான்.

லென்ஸைக் கழற்றி அச்சுப் பார்த்துப் பூட்டுகிற வேலைக்கு யாழ்ப்பாணம் போகவேண்டும், இல்லையென்றால் கொழும்பு. போகிற செலவு, நாலைந்து கிழமைக் காத்திருப்பு, அதற்குள் கைவிட்டுப் போகிற ஓர்டர்கள் எல்லாம் சேர்ந்துதான் திருத்துகூலி. அதனால் அனுப்புவதற்கு முன் இங்கேயே பார்த்து முடிக்கக்கூடியதை முடித்துவிட வேண்டும். கைவைக்கக் கூடாத இடம் எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்

கமரா விழுந்தவுடன் எடுத்து, துடைத்து, ஓன் பண்ணிப் பார்ப்பார்கள். வேலை செய்யாவிட்டால் திரும்பவும் ஓன் பண்ணுவார்கள். சரிந்த லென்ஸ் குழாயை மோட்டார் இழுக்கும்போது உள்ளே பல்லுச்சில்லு தேய்கிறது. மணல் இருந்தால் அரைபடுகிறது. விழுந்ததில் கெட்டதைவிட அடுத்த ஐந்து நிமிடத்தில் கெட்டது கூட என்றுதான் பல கமராக்களைத் திறக்கும்போது எனக்குப் படும்.

ஓனாக இருந்தால் ஓஃப் பண்ணுங்கள். பற்றரியைக் கழற்றுங்கள். லென்ஸ் நிலத்தைப் பார்க்கிறபடி பிடியுங்கள், கண்ணாடித் துண்டோ மணலோ இருந்தால் உள்ளே போகாமல் வெளியே விழட்டும்.

அடுத்த கேள்வி, எங்கே விழுந்தது? சீமெந்து நிலம் என்றால் சேதம் கண்ணுக்குத் தெரியும்: கூடு வெடிக்கும், கதவு உடையும், லென்ஸ் பூட்டுகிற வளையம் வளையும். மணல் அப்படியில்லை. வற்றாப்பளைப் பொங்கல் கூட்டத்திலோ முல்லைத்தீவுக் கடற்கரையிலோ விழுந்த கமராவை, "மணலிலதானே அண்ணை விழுந்தது, ஒண்டுமில்லை" என்று சொல்லித்தான் கொண்டுவருவார்கள். வெளியில் ஒரு கீறலும் இராது. ஸூம் வளையத்தைத் தொட்டால் கரகரவென்று கேட்கும். மணலில் விழுந்திருந்தால் எந்த வளையத்தையும் திருப்ப வேண்டாம். லென்ஸ் கீழே பார்க்க, ஊதுபந்தால் ஊதி, மெல்லிய தூரிகையால் இடுக்குகளைத் தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் பட்டுத் தூசு ஒட்டிக்கொள்ளும். எங்கள் செம்புழுதி ஈரம் பட்டால் சாந்தாகிவிடும்.

கடல் தண்ணீரிலோ களப்பிலோ விழுந்தது என்றால் கீழே உள்ள எதுவும் உங்களுக்கு இல்லை. பற்றரியைக் கழற்றி, ஓன் பண்ணிப் பார்க்காமல், அன்றைக்கே திருத்துகிறவரிடம் கொண்டுபோங்கள். அரிசிக்குள் புதைத்து வைத்தால் உப்பு போகாது.

வேண்டிய சாமான்கள்: ஊதுபந்து, ரோச் லைற், கண்ணாடி துடைக்கிற துணி, ஒரு செய்தித்தாள். அதோடு பக்கத்து ஸ்ரூடியோவில் இருந்து இரவலாக ஒரு பற்றரி, ஒரு மெமரி காட், உங்கள் கமராவுக்குப் பொருந்துகிற ஒரு லென்ஸ். இந்த மூன்று இரவலும் இருந்தால் பாதிப் பிழையை அரை மணித்தியாலத்தில் பிடித்துவிடலாம்.

ஸ்குரூட்ரைவரை வேண்டுமென்றே இதில் சேர்க்கவில்லை. ஃப்ளாஷ் உள்ள கமராவுக்குள் அந்த ஃப்ளாஷுக்கு மின்சாரம் தேக்கி வைக்கிற கபாசிற்றர் ஒன்று உண்டு. அதில் 300 வோல்ட் அளவுக்கு நிற்கும். பற்றரியைக் கழற்றினாலும் அது உடனே இறங்காது. சின்னக் கமராதானே என்று கழற்றி, விரலில் அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

## அறிகுறி: கமராவில் உயிரே இல்லை

பற்றரி. விழுந்த அதிர்ச்சியில் பற்றரி கொளுவியில் இருந்து ஒரு நூலளவு எழும்பியிருக்கலாம். வெளியே எடுத்து, தொடுமுனைகளைத் துடைத்து, கிளிக் என்று கேட்கும்வரை திரும்பப் போடுங்கள். பிறகு இரவல் பற்றரியைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பற்றரியை மேசைக் கண்ணாடியில் படுக்க வைத்துச் சுண்டிவிடுங்கள். சுற்றினால் அது வீங்கியிருக்கிறது. வீங்கியதையும் நசுங்கியதையும் திரும்பச் சார்ஜ் பண்ணக் கூடாது, வீட்டுக்குள்ளும் வைக்கக் கூடாது.

பற்றரிக் கதவு. இதுதான் நான் அதிகம் கண்ட பிழை. பணமும் அவ்வளவாகச் செலவாகாது. பற்றரிக் கதவின் உள்பக்க விளிம்பை ரோச் அடித்துப் பாருங்கள். நெல்லளவில் ஒரு பிளாஸ்டிக் முனை துருத்திக்கொண்டு நிற்கும். கதவு பூட்டும்போது அந்த முனை கமராவின் உடம்பில் உள்ள சின்னத் துளைக்குள் போய் ஒரு சுவிட்சை அழுத்தும். அது உடைந்தால் கதவு பூட்டியிருந்தாலும் திறந்திருப்பதாகவே கமரா எடுத்துக்கொள்ளும், ஓனாகாது. கதவைப் பெருவிரலால் இறுக்கி அழுத்திக்கொண்டு ஓன் பண்ணுங்கள். வந்துவிட்டதா? சரி, பிழை கதவில்தான். முனை முழுதாக முறிந்திருந்தால் அழுத்தினாலும் வராது. அப்போது ஒரு பல்லுக்குத்தும் குச்சியின் மொட்டை முனையை அந்தத் துளைக்குள் மெல்ல வைத்து அழுத்திப் பாருங்கள். கம்பி, ஊசி வேண்டாம்.

மெமரி காட்டுக்குத் தனிக் கதவு உள்ள கமராக்களில் பலவற்றுக்கு அதிலும் இதே சுவிட்ச் உண்டு. பற்றரிக் கதவை மட்டும் பார்த்துவிட்டுக் கைவிடாதீர்கள்.

மேலதிகப் பற்றரிப் பிடி பூட்டக்கூடிய மொடல்களில் கதவை ஸ்குரூ இல்லாமலே கழற்றலாம், கீலில் உள்ள சின்னக் கொளுவியை இழுத்தால் கையோடு வரும். உங்கள் மொடலுக்கான கதவை எடுப்பித்துக் கொளுவினால் வேலை முடிந்தது. அதுவரை இன்சுலேசன் ரேப் போதும். நாளைக்குக் கலியாண வீடு இருந்தால் அதை வைத்தே எடுக்கலாம், யாரும் கமராவின் அடியைப் பார்க்கப் போவதில்லை.

பற்றரிப் பிடி பூட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுத் தனிக் கமராவாகப் பாருங்கள். விழும்போது முதல் அடி பிடிக்குத்தான் விழுந்திருக்கும்.

இங்கே நிறுத்துங்கள்: நல்ல பற்றரி, சரியான கதவு, அப்படியும் உயிர் இல்லை என்றால் பிழை உள் சர்க்கியூட்டில். அனுப்பத்தான் வேண்டும்.

## அறிகுறி: சின்னக் கமராவில் லென்ஸ் வெளியே வந்து நிற்கிறது, 'லென்ஸ் பிழை' என்று எழுதுகிறது

சட்டைப் பைக்குள் வைக்கிற கமராக்களுக்கு வருகிற நோய் இது. லென்ஸ் நீண்டிருக்கும்போது விழுந்தால் வரும்.

பற்றரியை முழுதாகச் சார்ஜ் பண்ணிப் பாருங்கள். சார்ஜ் இறங்கிய பற்றரியும் லென்ஸைப் பாதியில் விட்டுவிடும். அதற்கும் விழுந்ததற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

பிறகு முன்னால் நேராகப் பிடித்து, லென்ஸ் குழாய்களுக்கு இடையில் உள்ள இடைவெளியைச் சுற்றிவரப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருந்தால் மணல்தான் சந்தேகம். கீழே பிடித்து ஊதுங்கள். தடிப்பான கடதாசியின் விளிம்பை இடைவெளிக்குள் விட்டு மெல்லச் சுற்றிவர இழுத்தால் மணிகள் விழும். ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் அகன்றிருந்தால் குழாய் தடம் விலகியிருக்கிறது. தாழ்ந்த பக்கத்தை விரல் நுனியால் தாங்கி, குழாயை நேராக்கிப் பிடித்துக்கொண்டு ஓன் பண்ணுங்கள். சில நேரம் டிக் என்று தடத்தில் ஏறிவிடும். ஒன்றிரண்டு தரத்துக்கு மேல் முயல வேண்டாம். கமராவை மேசையில் தட்டச் சொல்லும் வீடியோக்களும் உண்டு. தட்டித் தட்டி, தடம் விலகியிருந்த லென்ஸை உடைந்த லென்ஸாக ஆக்கிக்கொண்டு வருகிறார்கள்.

வராவிட்டால் என் அபிப்பிராயம் நேரடியானது: விட்டுவிடுங்கள். லென்ஸ் தொகுதியையே மாற்ற வேண்டும், கூலியோடு சேர்த்தால் அதே மாதிரிப் பழைய கமரா ஒன்றின் விலை வந்துவிடும். உள்ளே இருக்கும் படங்கள்தான் கவலை என்றால் காட்டை எடுத்துக் கணினியில் போடுங்கள். காட்டில் இல்லாமல் கமராவின் உள் நினைவகத்தில் இருந்தால், படம் பார்க்கிற பொத்தானை அழுத்திப் பிடித்து ஓன் பண்ணிப் பாருங்கள். பல கமராக்கள் லென்ஸை அசைக்காமலே திறக்கும், வயரைப் போட்டுப் படங்களை எடுத்துவிடலாம்.

## அறிகுறி: பெரிய கமராவில் லென்ஸோடு பேச்சில்லை

கனன் கமராவில் 'எர் 01' என்று வரும். நிக்கோனில் எஃப் எழுத்தும் இரண்டு கோடும் வரும். இரண்டும் ஒரே முறைப்பாடுதான்: லென்ஸில் இருந்து தகவல் வரவில்லை.

ஓஃப் பண்ணி, லென்ஸைக் கழற்றி, மவுண்டை, அதாவது லென்ஸும் கமராவும் பூட்டுகிற வளையத்தைப் பாருங்கள். புதுக் கமராவோடு வருகிற 18-55 மில்லிமீற்றர் ஸூம் லென்ஸ்களில் பலவற்றுக்கு மவுண்ட் பிளாஸ்டிக். அதில் மூன்று நாக்கு இருக்கும். ஒரு நாக்கு உடைந்தாலும் லென்ஸ் தொங்கி நிற்கும், பொன்நிறத் தொடுமுனைகள் முட்டாது. பிளாஸ்டிக் உடைந்ததற்காகக் கவலைப்பட வேண்டாம், லென்ஸ் முறிந்து கமராவின் உடம்பைக் காப்பாற்றியிருக்கிறது. உலோக மவுண்ட் உள்ள பாரமான லென்ஸோடு விழுந்தால் சில வேளை உடம்புப் பக்கம்தான் வளையும், செலவு அங்கேதான் ஏறும்.

நாக்கு மூன்றும் சரியென்றால் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். அழிறப்பரால் தேய்க்கிறவர்கள் உண்டு. அதன் துகள்கள் கமராவுக்குள் விழும், எனக்கு அது பிடிக்காது. கிளிக் கேட்கும்வரை திரும்பப் பூட்டுங்கள்.

அப்படியும் பிழை வந்தால் இரவல் லென்ஸ். இந்த இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது.

இரவல் லென்ஸும் பிழை காட்டுகிறது. பிழை கமராவின் உடம்பில். தொடுமுனைகளில் ஏதாவது உள்ளே போய் வெளியே வராமல் நிற்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள். நின்றால் அதைக் குத்தி எடுக்க வேண்டாம், அனுப்புங்கள்.

இரவல் லென்ஸ் வேலை செய்கிறது. பிழை உங்கள் லென்ஸில். இனி லென்ஸுக்குள் எங்கே என்று பார்க்கலாம். கமராவை அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி போகிற துவாரத்தின் அளவு, நீங்களே வைக்கிற நிலைக்குக் கொண்டுவந்து, லென்ஸ் தருகிற மிகச் சின்ன எஃப் இலக்கத்தில், துவாரம் முழுதாகத் திறந்திருக்க, ஒரு படம் எடுங்கள். பிறகு எஃப் 8 வைத்து ஒன்று. முதல் படம் விழுந்து இரண்டாவதில் பிழை வந்தால் அப்பர்ச்சர் தகடுகளுக்குப் போகிற பட்டி வயர் அறுந்திருக்கலாம், இல்லையென்றால் தகடே இறுகியிருக்கலாம். இது தெரிந்தால் ஒரு நன்மை உண்டு: மாற்று லென்ஸ் கிடைக்கும்வரை முழுதாகத் திறந்த அப்பர்ச்சரில் வேலையைச் சமாளிக்கலாம். ஸூமின் ஒரு முனையில் வேலை செய்து மறுமுனையில் பிழை வந்தாலும் பெரும்பாலும் பட்டி வயர்தான்.

நிக்கோனின் பழைய 50 மில்லிமீற்றர் போல அப்பர்ச்சர் வளையம் உள்ள லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. திரையில் எஃப், ஈ, ஈ என்று மூன்றெழுத்து துடித்தால் ஒன்றும் உடையவில்லை. விழும்போது வளையம் சுற்றிவிட்டது. அதைப் பெரிய இலக்கத்துக்கு, அனேகமாக 22க்கு, திருப்பிப் பூட்டுங்கள்.

லென்ஸ் கழரவே மறுத்தால் பலத்தைக் காட்ட வேண்டாம். மவுண்ட் வளைந்து கொளுவி இறுகியிருக்கிறது. முறுக்கினால் இரண்டு பக்கமும் போகும். அப்படியே பூட்டியபடி அனுப்புங்கள்.

18-55 திருத்துவதா, வேறு வாங்குவதா என்று கேட்பார்கள். அந்த லென்ஸ் பாவித்ததாகத் தாராளமாகக் கிடைக்கிறது. அதைத் திருத்தக் கொழும்புக்கு அனுப்புவது காசைக் கரைப்பது. விலை கூடிய லென்ஸ் என்றால் அனுப்பலாம்.

## அறிகுறி: படம் விழுகிறது, ஆனால் தெளிவில்லை

எல்லாமே மங்கல். பல லென்ஸ்களின் பக்கத்தில் ஏஎஃப் (தானாக ஃபோகஸ்), எம்எஃப் (கையால் ஃபோகஸ்) என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. விழும்போது அது மாறியிருக்கும். சிரிக்காதீர்கள், இதற்காகவே மாங்குளத்தில் இருந்து பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு. சுவிட்ச் சரியாக இருந்து, ஃபோகஸ் பண்ணும்போது கிர்ர் என்று பல்லு வழுக்குகிற சத்தம் மட்டும் வந்தால் ஃபோகஸ் மோட்டார் போயிருக்கிறது. கையால் ஃபோகஸ் பண்ணி எடுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கண்ணை வைத்துப் பார்த்தால் மங்கல், எடுத்த படம் தெளிவு. பார்க்கிற துவாரத்துக்குப் பக்கத்தில் பார்வைக்கு ஏற்பத் திருப்புகிற சின்னச் சில்லு ஒன்று இருக்கிறது. அது சுழன்றிருக்கும். உள்ளே தெரிகிற எழுத்துகள் கூராகும்வரை திருப்புங்கள். செலவு இல்லை.

கண்ணை வைத்து எடுத்தால் மங்கல், லைவ் வியூவில் திரையைப் பார்த்து எடுத்தால் தெளிவு. இது, லென்ஸுக்குப் பின்னால் காட்சியைக் கண்ணுக்குத் திருப்புகிற கண்ணாடி உள்ள டீஎஸ்எல்ஆர்களில் மட்டும் வரும். லென்ஸில் பிழை இல்லை. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் ஃபோகஸுக்கென்று ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது, அதுவோ அடியில் உள்ள ஃபோகஸ் தொகுதியோ அசைந்திருக்கிறது. நிறுத்துங்கள், இதைச் சீராக்குவது அளவுகருவி உள்ள இடத்து வேலை. ஆனால் லைவ் வியூவில் எடுத்துக் காலம் தள்ளலாம், அசையாத படங்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஓட்டப்போட்டி எடுக்க முடியாது.

ஒரு பக்கம் மட்டும் மங்கல். இதைப் பலர் கண்டுபிடிப்பதே பிந்தித்தான். மணவறைக்கு முன்னால் எடுத்த குடும்பப் படத்தில் நடுவில் மாப்பிள்ளை பொம்பிளை தெளிவு, வலது கரையில் நிற்கும் மாமா தெளிவு, இடது கரையில் நிற்கும் பெரியம்மாவின் முகம் மட்டும் கரைந்திருக்கும். 'அவ அசைஞ்சிட்டா' என்று அவர் தலையில் போட்டுவிடுவார்கள். அல்பம் முழுக்க இடது கரையில் நிற்கிறவர்கள் எல்லோரும் அசைந்திருக்க முடியாது.

செய்தித்தாளின் இரண்டு பக்கத்தை விரித்துச் சுவரில் ஒட்டுங்கள். ட்ரைபொட்டில் கமராவை அதற்கு நேரே வைத்து, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, நடுவில் ஃபோகஸ் பண்ணி எடுங்கள். கணினியில் பெரிதாக்கி நாலு மூலையையும் வாசித்துப் பாருங்கள். மூலைகள் எல்லாம் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால், கமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொன்று எடுங்கள். இப்போது செய்தித்தாளின் மற்றக் கரையில் உள்ள எழுத்து மங்கினால் பிழை கமராவில் அல்லது லென்ஸில். அதே பக்கத்து எழுத்துத்தான் மங்குகிறது என்றால் நீங்கள் சுவருக்கு நேரே வைக்கவில்லை.

அப்புறம் இரவல் லென்ஸால் அதே படம். அது நாலு மூலையும் சரியாக எடுத்தால் உங்கள் லென்ஸின் உள்கண்ணாடி சரிந்திருக்கிறது. இரவலும் அதே பக்கம் மங்கினால் உடம்பில் மவுண்டோ, படம் பதிகிற சென்சரோ சாய்ந்திருக்கிறது. கனன் ஈஎஃப் மவுண்டுக்கும் சென்சருக்கும் இடையில் 44 மில்லிமீற்றர், நிக்கோன் எஃப் மவுண்டுக்கு 46.5. அந்தத் தூரம் ஒரு பக்கம் ஒரு மயிரிழை குறைந்தாலே படத்தில் தெரிந்துவிடும். கையால் வளைத்து நிமிர்த்தலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

படம் நடுங்குகிறது. பார்க்கும்போதே உள்ளே படம் துடித்தால் கைநடுக்கம் தடுக்கிற பகுதி அடிபட்டிருக்கிறது. லென்ஸில் உள்ள அதன் சுவிட்சை ஓஃப் பண்ணுங்கள். துடிப்பு நின்றால் அப்படியே பாவிக்கலாம், வேகமான ஷட்டர் வைத்தால் சரி.

## அறிகுறி: படம் கறுப்பாக விழுகிறது, அல்லது பாதியில் கறுப்புப் பட்டை

முதலில் ஃப்ளாஷ் இல்லாமல் வெயிலில் ஒரு படம் எடுங்கள். அது சுத்தமாக விழுந்தால் கமராவுக்கு ஒன்றுமில்லை. கமராவில் பூட்டாத ஃப்ளாஷை மலிவான வயர்லெஸ் ட்ரிகரால் அடிக்கிறவர்களுக்கு, விழும்போது சில்லு சுழன்று ஷட்டர் வேகம் 1/200ஐத் தாண்டிப் போயிருந்தால் படத்தில் கறுப்புப் பட்டை வரும். வேகத்தை 1/160க்கு இறக்குங்கள்.

ஃப்ளாஷ் இல்லாமலும் பட்டை வந்தால் லென்ஸைக் கழற்றி, உடம்பைக் கீழ்நோக்கிப் பிடித்து, அடியில் இருந்து ரோச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி பாதியில் நிற்கிறதா? டீஎஸ்எல்ஆரில் சென்சரைத் துப்புரவு செய்வதற்கான மெனுவைத் தெரிவு செய்தால் கண்ணாடி எழும்பி, சென்சருக்கு முன்னால் உள்ள ஷட்டர் திறக்கும். ஷட்டர் தகடுகளில் ஒன்று கோணலாகத் தொங்கினால் பார்த்ததோடு முடித்துக்கொள்ளுங்கள். அவை கடதாசியைவிட மெல்லியவை, விரல் பட்டாலே மடியும். ஷட்டர் தொகுதியை முழுதாக மாற்ற வேண்டும், அது திருத்துகிறவரின் வேலை. பழைய உடம்பாக இருந்தால் மாற்றுகிற செலவைப் பாவித்த உடம்பின் விலையோடு ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள்.

## அறிகுறி: திரை தெரியவில்லை

கண்ணாடி இல்லாத புதுக் கமராக்களில், கண் வைக்கிற துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுத்தப் பட்டி இருக்கும். கண் கிட்ட வந்தால் திரையை நிறுத்தி உள்ளே படத்தைக் காட்டுவதற்கான உணரி அது. அதில் புழுதி அப்பினால் எந்நேரமும் யாரோ கண் வைத்திருப்பதாக எடுத்துக்கொண்டு திரையை இருட்டாக்கிவிடும். துடையுங்கள். இன்ஃபோ, டிஸ்ப் பொத்தான்களையும் ஒருதரம் அழுத்திப் பாருங்கள்.

மடக்குகிற திரை என்றால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் தெரிந்து இன்னொன்றில் அணைந்தால் கீலுக்குள் ஓடுகிற பட்டி வயர். தெரிகிற கோணத்தில் விட்டுவிட்டு அதோடு விளையாடாதீர்கள். நிலையான திரை வெள்ளையாகவோ கறுப்பாகவோ நின்றால் எச்டிஎம்ஐ வயரால் டீவியில் கொளுவுங்கள். டீவியில் படம் வந்தால் திரையை மட்டும் மாற்றினால் போதும். இதைச் சொல்லி அனுப்பினால் திருத்துகிறவருக்கும் வேலை குறையும், பேரம் பேச உங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

வெடித்தது மேலே உள்ள காப்புக் கண்ணாடி மட்டும் என்றால் அப்படியே பாவியுங்கள்.

## அறிகுறி: ஃப்ளாஷ் எழும்பவில்லை

மேலே ஃப்ளாஷ் பூட்டுகிற தடத்துக்குள், பக்க விளிம்பில், ஊசிமுனை அளவில் ஒரு சுவிட்ச் சில கமராக்களில் உண்டு. தடம் நசுங்கினாலோ மணல் போனாலோ அது அழுந்தியபடி நின்றுவிடும். வெளி ஃப்ளாஷ் பூட்டியிருக்கிறது என்று நினைத்துக் கமரா தன் ஃப்ளாஷை எழுப்பாது. பல்லுக்குத்தும் குச்சியால் மெல்லக் கிளப்பி ஊதுங்கள். எழும்பியும் அடிக்காவிட்டால் அனுப்புங்கள், 300 வோல்ட் கதையை மேலேயே சொல்லிவிட்டேன்.

வெளி ஃப்ளாஷின் அடிக்கால் முறிந்திருந்தால் மகிழ்ச்சி. பல ஃப்ளாஷ்களில் அது பிளாஸ்டிக், தனியாகக் கிடைக்கும்.

## அறிகுறி: முன்னால் கண்ணாடி நொறுங்கியிருக்கிறது

உடைந்தது லென்ஸ் என்று பதறாதீர்கள், லென்ஸைக் காக்க அதன் முன்னால் பூட்டுகிற யூவி ஃபில்டராக இருக்கலாம். கீழ்நோக்கிப் பிடித்து ஊதுங்கள். துணியால் துடைத்தால் துண்டுகள் உள்லென்ஸைக் கீறும். வளையம் நசுங்கிக் கழரவில்லை என்றால், அகலமான றப்பர் பாண்டை அதைச் சுற்றிப் போட்டுத் திருப்புங்கள். குறட்டால் பிடித்துத் திருப்பினால் லென்ஸின் இழையும் சேர்ந்து முறியும். கழராவிட்டால் துண்டுகளை எடுத்துவிட்டு வளையத்தை அப்படியே விடலாம். படத்துக்கு அது ஒரு இடைஞ்சலும் இல்லை.

## அறிகுறி: குலுக்கினால் கடகடவென்கிறது

குலுக்குவதை நிறுத்துங்கள். கைநடுக்கம் தடுக்கிற லென்ஸ்கள் பல ஓஃபாக இருக்கும்போது உள்ளே கடகடக்கும். சென்சரே அசைகிற கமராக்களிலும் அப்படி. விழுவதற்கு முன்பும் அது கேட்டிருக்கும், நீங்கள் குலுக்கிப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதே மொடல் இன்னொருவரிடம் இருந்தால் ஒப்பிடுங்கள். ஸ்குரூ ஒன்று உருள்கிற மாதிரிக் கூர்மையான சத்தம் என்றால்தான் கவலை. அப்படியானால் பற்றரி போட வேண்டாம், உள்ளே எதையாவது இணைத்து எரித்துவிடும்.

## அறிகுறி: காட்டை வாசிக்கவில்லை

எஸ்டி காட்டின் இடது பக்கத்தில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கிறது. அது கீழே இறங்கியிருந்தால் எழுத விடாது. மேலே தள்ளுங்கள்.

அப்படியும் வாசிக்காவிட்டால் ஃபோர்மட் பண்ணவா என்று கமரா கேட்கும். வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது விழுந்து பற்றரி விலகியிருந்தால் காட்டின் அட்டவணைதான் குழம்பியிருக்கும், படங்கள் உள்ளே இருக்கும். அந்தக் காட்டில் இனி ஒரு படமும் எடுக்காதீர்கள். கணினியில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, மீட்ட படங்களை வேறு இடத்தில் சேமியுங்கள். கணினிக்குக் காட் இருப்பதே தெரியவில்லை, அல்லது காட் வெடித்திருக்கிறது என்றால் தரவு மீட்கிறவர்களிடம்தான் போக வேண்டும். செலவு கூட. தாலி கட்டுகிற படம் அதில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள்.

## அனுப்புவது என்று முடிவெடுத்தால்

ஒரு கடதாசியில் எழுதுங்கள்: எங்கே, எந்தப் பக்கமாக விழுந்தது, என்ன அறிகுறி, எந்தச் சோதனை செய்தீர்கள், இரவல் லென்ஸோடு என்ன நடந்தது. 'விழுந்தது, வேலை செய்யேல்ல' என்று மட்டும் எழுதி அனுப்பினால் பரிசோதனைக்கே தனிக் காசு போகும். உடம்பிலும் லென்ஸிலும் உள்ள தொடரிலக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பற்றரி, காட், கழுத்துப் பட்டி எல்லாவற்றையும் கழற்றி உங்களிடமே வையுங்கள். கழர்கிற லென்ஸ் என்றால் கழற்றி, இரண்டுக்கும் மூடி போட்டுத் தனித்தனியாகச் சுற்றுங்கள். பூட்டியபடி பொதி செய்தால் வழியில் ஒரு குலுக்கலில் மவுண்டுக்கு இன்னொரு அடி.

திறக்க முன் கணக்குச் சொல்லச் சொல்லுங்கள், மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். யாராவது யாழ்ப்பாணமோ கொழும்போ போகிறவரிடம் கொடுத்தனுப்பினால், பஸ்ஸின் மேல்தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.